கூப்பிட்டால் கேட்குமா? படகுக் கருவிகள்: வாசகர் கேள்வி – பதில்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் காசிமேட்டு விசைப்படகுகளுக்குப் பழுதுவேலை நடக்கிறது. எஞ்சின், பெயின்ட், வலை என்று செலவழித்தது போக மிஞ்சும் பணத்தில் ஜி.பி.எஸ்., எக்கோ (ஒலியை அனுப்பி ஆழம் காட்டும் கருவி), வயர்லெஸ் வாங்குகிறார்கள். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எந்தத் திரை பெரியது, எந்தக் கலர் நல்லது என்றே கேட்கின்றன. நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. நாம் கூப்பிடுவது யாருக்காவது கேட்குமா? கேட்டவர் தேடி வர நம் இடம் தெரியுமா? கீழே உள்ள பதில்கள் இந்த இரண்டு கேள்விகளை வைத்தே எழுதப்பட்டவை.

எங்களுடையது 30 அடி ஃபைபர் படகு, 9.9 குதிரைசக்தி அவுட்போர்டு. நான்கு பேர் போகிறோம். 12 கடல் மைலைத் தாண்டுவதில்லை. 7 அங்குலத் திரையில் ஜி.பி.எஸ்., எக்கோ இரண்டும் சேர்ந்த செட்டை வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். அதை வாங்கினால் வேறு எதற்கும் கையில் பணம் இருக்காது. வாங்கலாமா? – காசிமேடு வாசகர்

இப்போது வேண்டாம். உங்களைப் போன்ற படகுகள் சிக்கலில் மாட்டுவது பெரும்பாலும் வழி தெரியாமல் அல்ல. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும், புரொப்பெல்லரில் வலை சுற்றியிருக்கும், அல்லது புரொப்பெல்லரைப் பிடித்திருக்கும் ஷியர் பின் உடைந்திருக்கும். எஞ்சின் நின்ற படகை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகும். வாடைக் காலத்தில் நம் கரையோரம் ஓட்டம் தெற்கு நோக்கிப் போகிறது. மணிக்கு ஒரு கடல் மைல் வேகம் என்றாலே விடிவதற்குள் பத்து மைல் தள்ளிப் போயிருப்பீர்கள். கரையில் இருப்பவர்கள் நீங்கள் வலை விட்ட இடத்தில் தேடிக்கொண்டிருப்பார்கள். அப்போது ஏழு அங்குலத் திரையால் ஒரு பயனும் இல்லை.

முதல் செலவு ஆளுக்கொன்றாக நான்கு லைஃப் ஜாக்கெட். அடுத்தது மரைன் வி.எச்.எஃப். கைக்கருவி, அதாவது கடலில் பேசுவதற்கான ரேடியோ. அதில் ஐ.பி.எக்ஸ்.7 குறி இருக்க வேண்டும். ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடாது என்று அதற்குப் பொருள். கை தவறி விழுந்தால் மிதக்கும் மாடலாகப் பாருங்கள். ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும் வாக்கி-டாக்கியை இதற்குப் பதிலாக வாங்காதீர்கள். அவற்றில் பல 400 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்பவை. கடலோரக் காவல்படையும் கப்பல்களும் காதுகொடுக்கும் 16-ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. அங்கே அவற்றின் குரல் எட்டவே எட்டாது. மரைன் வி.எச்.எஃப். கருவிக்கு உரிமம் வேண்டும். அதைக் கொடுப்பது தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு.

மூன்றாவதற்குப் பணம் தேவையில்லை. இஸ்ரோ உருவாக்கிய தொழில்நுட்பத்தில் தயாரான டிரான்ஸ்பாண்டரை ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு இலவசமாகப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. கைபேசி சிக்னல் இல்லாத தூரத்திலும் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பலாம், கரையிலிருந்து வருவதையும் படிக்கலாம். ஆபத்து பொத்தானும் உண்டு. உங்கள் படகின் பதிவு எண்ணோடு மீன்வளத்துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இவ்வளவும் முடித்த பிறகு கையடக்க ஜி.பி.எஸ். ஒன்று போதும். எக்கோவை அடுத்த சீசனில் வாங்கிக்கொள்ளலாம்.

எங்கள் லாஞ்சில் (விசைப்படகில்) 25 வாட் வி.எச்.எஃப். இருக்கிறது. கம்பத்தில் 9 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா. ஆனாலும் 5 மைல் தள்ளி நிற்கும் கூட்டாளி படகுக்கு நாங்கள் பேசுவது கேட்பதில்லை. அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்கிறது. செட்டை மாற்றிவிடலாமா? – ராயபுரம் வாசகர்

செட்டில் கை வைப்பதற்கு முன் ஒரு கணக்குப் போடுவோம். வி.எச்.எஃப். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். கடலின் வளைவுக்குக் கீழே இறங்காது. ஆகவே தூரத்தைத் தீர்மானிப்பதில் வாட்டைவிட உயரத்துக்கே பங்கு அதிகம். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.25-ஆல் பெருக்கினால் கடல் மைல் கிடைக்கும். உங்கள் 9 மீட்டருக்கு 6.75 மைல். கூட்டாளி படகில் 4 மீட்டர் என்று வைத்தால் 4.5 மைல். கூட்டினால் 11 மைலைத் தாண்டுகிறது. (படகில் நிற்பவர் கையில் இருக்கும் கருவி நீர்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரம் இருக்கும். அப்படி இரண்டு கைக்கருவிகளுக்கு நடுவே 6 மைல்தான்.) 11 மைல் எட்ட வேண்டிய குரல் 5 மைலில் கேட்கவில்லை. ஆனால் அவர்கள் பேசுவது உங்களுக்குக் கேட்கிறது. அப்படியானால் நீங்கள் அனுப்பும் சக்தி வழியில் எங்கோ செத்துப்போகிறது. பெரும்பாலும் அது வயரில்தான்.

முதலில் கரண்டைப் பாருங்கள். மல்டிமீட்டரின் முனைகளைச் செட்டின் பின்னால், கரண்ட் நுழையும் இடத்திலேயே வைத்துக்கொண்டு, பேசும் பொத்தானை அழுத்துங்கள். 25 வாட்டில் பேசும்போது செட் 5, 6 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து செட் 5 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 10 மீட்டர் வயர். அது 1 சதுர மி.மீ. வயர் என்றால் ஒரு வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். 2.5 சதுர மி.மீ. என்றால் 0.4 வோல்ட்தான் போகும். பொத்தானை அழுத்தியதும் அரை வோல்ட்டுக்கு மேல் சரிந்தால் வயரை மாற்றுங்கள். ஈயம் பூசிய செம்பு வயராக வாங்குங்கள். பூசாததை உப்புக் காற்று இரண்டே சீசனில் உள்ளே வரை அரித்துவிடும். பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கட்டும்.

லாஞ்ச் என்றால் 24 வோல்ட்டாக இருக்கும். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து ரேடியோவுக்குக் கொடுப்பது பரவலாக நடக்கும் தவறு. அந்த ஒரு பேட்டரி எப்போதும் பாதி வயிற்றோடு கிடக்கும். மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஆகிக் கொதிக்கும். ஒரு வருடத்தில் இரண்டும் போய்விடும். 24-இலிருந்து 12-க்கு மாற்றும் 10 ஆம்பியர் கன்வெர்ட்டர் போடுங்கள்.

கரண்ட் சரியாக இருந்தால் அடுத்து ஆன்டெனா கேபிள். கம்பத்தின் உச்சியில் பி.எல்.-259 கனெக்டரைக் கழற்றி, கேபிளில் ஒரு விரல் நீளம் வெட்டி, கறுப்பு உறையை உரித்துப் பாருங்கள். உள்ளே பின்னல் கம்பி புதுக் குடம் போலப் பளபளத்தால் நல்லது. புது கனெக்டரை ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் இன்னொரு அடி வெட்டிப் பாருங்கள். அங்கேயும் பச்சை என்றால் உப்புத் தண்ணீர் விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவது போலப் பின்னலுக்குள் ஊறியிருக்கிறது. முழுக் கேபிளும் போக வேண்டியதுதான். மாற்றும்போது மெல்லிய ஆர்.ஜி.-58 வேண்டாம். 10 மீட்டரில் அது 25 வாட்டை 16 வாட் ஆக்கிவிடும். தடித்த ஆர்.ஜி.-213-இல் 20 வாட் வரை மேலே போய்ச் சேரும். கனெக்டரின் மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதற்கு மேல் சாதாரண டேப் சுற்றுங்கள். ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்புகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் இருக்கும் மெக்கானிக்கை அழைத்து அளக்கச் சொல்லுங்கள். 1.5-க்குள் இருந்தால் நிம்மதி. 2-ஐத் தாண்டினால் எங்கோ குறை இருக்கிறது. ஆன்டெனாவைக் கழற்றி வைத்த நிலையில் பேசும் பொத்தானை மட்டும் அழுத்திவிடாதீர்கள், செட்டே போய்விடும்.

இதோடு இன்னொரு சோதனையும் செய்துவிடுங்கள். கம்பத்தில் புதிதாக எல்.இ.டி. விளக்கு போட்டிருக்கிறீர்களா? இரைச்சல் அப்போதுதான் நிற்கும் புள்ளிவரை ஸ்குவெல்ச்சை (செட்டில் இரைச்சலை அடக்கும் திருகு) திருப்பி வையுங்கள். பிறகு விளக்கைப் போடுங்கள். இரைச்சல் திரும்ப வந்தால் அந்த விளக்கு உங்கள் காதை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். கடலோரக் காவல்படை பதில் சொன்னாலும் உங்களுக்குக் கேட்காமல் போகும்.

செட்டில் சிவப்பு மூடிக்குள் ஒரு பொத்தான் இருக்கிறதே, அதை அழுத்தினால் போதுமா? – எண்ணூர் வாசகர்

அது டி.எஸ்.சி. பொத்தான். மூடியைத் திறந்து சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் 70-ஆம் சேனலில் உங்கள் எண்ணும் இடமும் தானாகப் போகும். இதற்கு இரண்டு நிபந்தனைகள். செட்டுக்குள் உங்கள் படகை அடையாளம் காட்டும் எம்.எம்.எஸ்.ஐ. எண் பதியப்பட்டிருக்க வேண்டும். ஒன்பது இலக்கம், இந்தியப் படகுகளுக்கு 419 என்று தொடங்கும். இரண்டாவது, செட்டுக்கு ஜி.பி.எஸ். இணைப்பு வேண்டும். எண் இல்லாமல் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. பல படகுகளில் அந்தச் சிவப்பு மூடி வெறும் அலங்காரமாகவே இருக்கிறது. எண்ணைப் பதியும்போது நிதானமாகப் பதியுங்கள். பெரும்பாலான செட்கள் ஒன்றிரண்டு முறைக்கு மேல் மாற்ற விடாது.

பொத்தானை அழுத்திய பிறகு வாயாலும் சொல்ல வேண்டும். 16-ஆம் சேனல், ஹை பவர். "மேடே" என்று மூன்று முறை, படகின் பெயர் மூன்று முறை, இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர். இடத்தை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லுங்கள்: "ஒன்று மூன்று டிகிரி, ஒன்று ஒன்று புள்ளி நான்கு ஐந்து நிமிடம் வடக்கு." இந்த வரிசையை ஓர் அட்டையில் எழுதி செட்டுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். டிரைவர் மயங்கிக் கிடக்கும்போது செட்டைத் தொட்டே பார்க்காத பையன்தான் பேச வேண்டியிருக்கும்.

சிக்னல் எட்டும் தூரத்தில் இருந்தால் கைபேசியில் 1554 கடலோரக் காவல்படை, 1093 கடலோரப் பாதுகாப்புக் குழுமம்.

அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பார் (மீன் கூடும் கடலடிப் பாறை) இடத்தை என் ஜி.பி.எஸ்.ஸில் போட்டேன். போய்ப் பார்த்தால் பாரே இல்லை. எக்கோவில் வெறும் சேற்றுத் தரை. செட் கெட்டுவிட்டதா? – பழவேற்காடு வாசகர்

செட் நன்றாகத்தான் இருக்கிறது, நீங்கள் எண்ணைப் படித்த விதத்தில்தான் பிழை. ஒரே இடத்தை மூன்று விதமாக எழுதலாம். 13.1908 என்பது டிகிரி மட்டும். கைபேசி வரைபடம் காட்டுவது இது. 13 டிகிரி 11.45 நிமிடம் என்பது படகு ஜி.பி.எஸ். வழக்கமாகக் காட்டுவது. 13 டிகிரி 11 நிமிடம் 27 விநாடி என்பது மூன்றாவது. மூன்றும் ஒரே புள்ளி. ஆனால் 11.45-ஐப் பார்த்துவிட்டு 11 நிமிடம் 45 விநாடி என்று போட்டால் 18 விநாடி வித்தியாசம் வரும். அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர். 18 விநாடி என்றால் 550 மீட்டருக்கு மேல். பாரைத் தவறவிடுவதற்கு அது போதும். மீட்புப் படகு உங்களைத் தவறவிடுவதற்கும் போதும், முக்கியமாக ராத்திரியில்.

செட்டிங்கில் போய் "டிகிரி, நிமிடம், புள்ளி" முறையை வையுங்கள். கூட்டாளிகள் எல்லோரும் அதே முறைக்கு மாறிக்கொள்ளுங்கள். அதே பக்கத்தில் டேட்டம் (இடத்தை எந்த அடிப்படையில் கணக்கிடுவது என்ற தேர்வு) என்று ஒன்று இருக்கும். அது டபிள்யூ.ஜி.எஸ்.84 ஆக இருக்க வேண்டும். வேறு எதிலாவது இருந்தால் இடம் சில நூறு மீட்டர் தள்ளிக் காட்டும். பழைய செட்டைக் கைமாற்றி வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதை.

எக்கோ நிற்கும்போது ஆழம் காட்டுகிறது. ஓடத் தொடங்கியதும் எண் மறைந்துவிடுகிறது. 50, 200 என்று இரண்டு அலைவரிசை இருக்கிறதே, எதை வைப்பது? – கோவளம் வாசகர்

ஓடும்போது மறைந்தால் டிரான்ஸ்டியூசருக்கு (படகின் அடியில் ஒலியை அனுப்பி வாங்கும் பகுதி) அடியில் காற்றுக் குமிழி ஓடுகிறது. ஒலி குமிழியைத் தாண்டாது. புரொப்பெல்லரிலிருந்து குறைந்தது 40 செ.மீ. தள்ளி, அடிப்பலகையின் மேடுகளுக்கும் ஆணித் தலைகளுக்கும் நேர் பின்னால் வராத இடத்தில் மாட்டுங்கள். அதன் முகம் அடிமட்டத்துக்கு இரண்டு மூன்று மி.மீ. கீழே, நீருக்கு இணையாக இருக்கட்டும். ஃபைபர் படகில் ஓட்டை போட மனமில்லாவிட்டால் உள்ளேயே எபாக்சியில் ஒட்டலாம். நடுவில் நுரையோ மரமோ இல்லாத கெட்டி ஃபைபராக இருந்தால்தான் இது வேலை செய்யும். எபாக்சியில் ஒரு குமிழிகூட இருக்கக்கூடாது. மரப் படகில் இந்த வழி ஆகாது.

200 கிலோஹெர்ட்ஸின் கூம்பு குறுகல். 12 டிகிரி என்றால் 50 மீட்டர் ஆழத்தில் சுமார் 10 மீட்டர் வட்டத்தைத்தான் பார்க்கும், ஆனால் விவரமாகப் பார்க்கும். 50-இன் கூம்பு அகலம், ஆழமும் அதிகம் போகும், விவரம் குறைவு. 50 பாகத்துக்குள் (ஒரு பாகம் சுமார் 1.8 மீட்டர் ஆழம்) தொழில் செய்பவருக்கு 200 போதும். தங்கல், அதாவது பல நாள் கடலில் தங்கிப் பிடிக்கப் போகிறவர்களுக்கு இரண்டும் வேண்டும்.

டிரான்ஸ்டியூசர் முகத்தில் கொட்டலசு (ஒட்டி வளரும் சிறு ஓட்டுயிர்) பிடித்தால் கத்தியால் சுரண்டாதீர்கள், தின்னரும் வேண்டாம். சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். படகின் அடிக்குப் பூசும் செம்புப் பெயின்ட்டை அதன் முகத்தில் பூசாதீர்கள்.

ஆபத்துக்கால பீக்கன் வாங்க நினைக்கிறேன். ஈபெர்ப், பி.எல்.பி. என்கிறார்கள், டாட் என்கிறார்கள். குழப்பமாக இருக்கிறது. – தங்கல் படகு உரிமையாளர், திருவொற்றியூர்

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரிப் படகுகளுக்குக் கரையோடு தொடர்பே இல்லாமல் போயிற்று. தங்கல் போகும் எந்தப் படகுக்கும் இந்தக் கேள்வி வலையைவிட முக்கியமானது.

ஈபெர்ப் படகுக்கானது, பி.எல்.பி. ஓர் ஆளுக்கானது. இரண்டும் 406 மெகாஹெர்ட்ஸில் காஸ்பாஸ்-சார்சாட் என்ற சர்வதேச மீட்பு அமைப்பின் செயற்கைக்கோள்களுக்குச் செய்தி அனுப்பும். முதலாவது குறைந்தது 48 மணி நேரம் ஒலிக்கும், இரண்டாவது 24 மணி நேரம். 121.5 மெகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ள பழைய பீக்கனை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். செயற்கைக்கோள்கள் அந்த அலைவரிசையைக் கேட்பதை 2009 பிப்ரவரி 1-லேயே நிறுத்திவிட்டன. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் பீக்கனில் அந்த நாட்டுக் குறியீடு இருக்கும். அழுத்தினால் தகவல் முதலில் அங்கே போகும். இந்தியக் குறியீடு போட்டு, பெங்களூரில் உள்ள இந்திய மிஷன் கட்டுப்பாட்டு மையத்தில் உரிமையாளர் பெயர், வீட்டுத் தொலைபேசியோடு பதிவு செய்த பிறகே படகில் ஏற்றுங்கள்.

டாட் என்பது மீனவர்களுக்காக இஸ்ரோ செய்த கருவி. 2010 முதல் பயன்பாட்டில் இருந்த முதல் தலைமுறைக் கருவியில் அழுத்தியவருக்குப் பதில் வராது. இரண்டாம் தலைமுறையில் "செய்தி கிடைத்தது" என்ற பதில் திரும்ப வருகிறது. இருட்டில் மூழ்கும் படகில் நிற்பவனுக்கு அந்த ஒரு பதிலின் மதிப்பு பெரிது. எனவே வாங்கினால் அதையே கேளுங்கள்.

மாட்டும் இடத்தில் பலர் தவறு செய்கிறார்கள். தானாகக் கழன்று மிதக்கும் ஈபெர்ப், படகு மூழ்கி 1.5 முதல் 4 மீட்டர் ஆழம் போனதும் தண்ணீர் அழுத்தத்தில் விடுபடும். அதை வீல் அவுஸ் கூரைக்கு அடியில் மாட்டினால் விடுபட்டாலும் கூரையில் முட்டிக்கொண்டு படகோடே போய்விடும். மேலே வானம் தெரியும் இடத்தில் மாட்டுங்கள். அதன் கயிற்றைப் படகில் கட்டாதீர்கள். தண்ணீரில் குதித்த பிறகு ஆளோடோ மிதவையோடோ கட்டிக்கொள்வதற்குத்தான் அந்தக் கயிறு. கழற்றிவிடும் சாதனத்தை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பேட்டரியின் தேதி மேலேயே அச்சிட்டிருக்கும். பழையதைப் பழைய இரும்புக் கடையில் போடும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் காயலான் கடைக் குவியலைத் தேடிக்கொண்டு மீட்புக் குழு வந்து நிற்கும்.

ஈஞ்சம்பாக்கத்தில் சின்னப் பாய்மரப் படகு வைத்திருக்கிறேன். வெளிநாட்டில் வாங்கிய சாட்டிலைட் மெசஞ்சர் இருக்கிறது. அதைக் கடலில் பயன்படுத்தலாமா?

கூடாது. துரையா, இரிடியம் செயற்கைக்கோள் கருவிகளை அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே இந்தியாவில் குற்றம். கையடக்க மெசஞ்சர்களில் பல இரிடியம் வழியே பேசுபவை. சாட்டிலைட் போன் வேண்டுமானால் பி.எஸ்.என்.எல். வழியே உரிமத்தோடு வாங்கலாம். உங்கள் தூரத்துக்கு வி.எச்.எஃப்.-உம் பதிவு செய்த பி.எல்.பி.-யும் போதும்.

எண்ணூர், காட்டுப்பள்ளி எதிரே ராத்திரி வலை விடுகிறோம். கப்பல் நேராக வருகிறது. ஏ.ஐ.எஸ். (படகின் பெயரையும் இடத்தையும் தானாக அறிவிக்கும் கருவி) போட்டால் நம்மைப் பார்ப்பார்களா? – திருவொற்றியூர் குப்பம் வாசகர்

பார்க்க வாய்ப்பு கூடும், உறுதி இல்லை. கப்பலில் இருப்பது ஏ வகுப்பு, 12.5 வாட். சின்னப் படகுக்கான பி வகுப்பு 2 வாட், ஓடும்போது 30 விநாடிக்கு ஒருமுறை இடம் சொல்லும். வலை விட்டு நிற்கும்போது 3 நிமிடத்துக்கு ஒருமுறைதான். நெரிசலான துறைமுக வாயிலில் கப்பல்காரர் பி வகுப்புக் குறிகளைத் திரையிலிருந்து மறைத்துவைக்கவும் முடியும். கேட்க மட்டும் செய்யும் ஏ.ஐ.எஸ். ரிசீவர் வாங்கினாலே உங்களுக்குப் பாதிப் பயன் கிடைத்துவிடும். வரும் கப்பலின் பெயர் தெரியும். பெயர் தெரிந்தால் 16-இல் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். "ஏய் கப்பல்" என்று கத்துவதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு.

ஃபைபரும் மரமும் ரேடார் அலையைச் சரியாகத் திருப்பாது. ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பொருந்திய அலுமினியத் தகடுகளாலான ரேடார் ரிஃப்ளெக்டரைக் கம்பத்தில் எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு உயரத்தில் கட்டுங்கள். அதற்குக் கரண்டும் வேண்டாம், உரிமமும் வேண்டாம்.

பேட்டரி எத்தனை ஆம்பியர் வேண்டும்? – பட்டினப்பாக்கம் வாசகர்

ஓர் இரவுக் கணக்கு: வி.எச்.எஃப். கேட்டுக்கொண்டு 12 மணி நேரம் இருக்க 6 ஆம்பியர்-அவர், மொத்தம் அரை மணி பேச 3, ஜி.பி.எஸ்.-எக்கோ மணிக்கு 1.5 வீதம் 18, விளக்கு 10. கூட்டினால் 37. ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும், ஆகவே 75 வாங்குங்கள். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் அவுட்போர்டுகளில் பெரும்பாலும் சார்ஜிங் காயில் இருக்காது. சோலார் தகடு அல்லது கரையில் சார்ஜ்தான் வழி. லாஞ்சில் ரேடியோவுக்கு எஞ்சின் பேட்டரியோடு சேராத தனி பேட்டரி வைத்து, அதை மேலே கட்டுங்கள். அடியில் தண்ணீர் ஏறும்போது முதலில் முழுகுவது கீழே இருக்கும் பேட்டரி. ரேடியோ தேவைப்படுவதும் அப்போதுதான்.

தானாக ஊதிக்கொள்ளும் லைஃப் ஜாக்கெட் நல்லதா? பழைய ஃபோம் ஜாக்கெட் வெக்கையாக இருக்கிறது என்று ஆட்கள் போட மறுக்கிறார்கள். – காசிமேடு வாசகர்

மீன்பிடி தளத்தில் ஊதும் ஜாக்கெட் வேண்டாம். தூண்டில் முள்ளோ கெளுத்தி முள்ளோ குத்தினால் உள்பை ஓட்டையாகும், வெளியே தெரியாது. அலைத்துளி தொடர்ந்து பட்டால் உள்ளே உள்ள மாத்திரை கரைந்து தானாக ஊதிவிடும்; மாற்றுச் சிலிண்டரும் மாத்திரையும் கைவசம் இல்லாவிட்டால் அது வெறும் துணி. 100 நியூட்டன் ஃபோம் வாங்குங்கள், பக்கங்கள் திறந்த, கைக்குழி அகலமானதாக. விசில், ஒளி திருப்பும் பட்டை, கால் இடையில் போகும் பட்டை மூன்றும் இருக்க வேண்டும். கடைசியது இல்லாவிட்டால் தண்ணீரில் ஜாக்கெட் மேலேறித் தலை வழியே கழன்றுவிடும். தலையணையாகப் பயன்படுத்தி நசுங்கிய ஃபோம் மிதப்பை இழந்திருக்கும். சந்தேகமுள்ள ஜாக்கெட்டில் 5 கிலோ எடைக்கல்லைக் கட்டித் துறைமுகத்துத் தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டுப் பாருங்கள். 100 நியூட்டன் என்பது 10 கிலோ தூக்கும் பலம். 5 கிலோவுக்கே அமிழ்ந்தால் அன்றைக்கே கழித்துவிடுங்கள்.